ஸ்டார் ரெய்டர்ஸ்: சுடுவதற்கு முன்னால் ஜி விசையை அழுத்துங்கள்

கேள்வி இதுதான்: "அடாரி கணினிக்கு வந்த ஸ்டார் ரெய்டர்ஸ் கேமை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடித்து அதன் கேம்களை ஓட்டும் நிரல்) போட்டுப் பார்த்தேன். கறுப்பு வானத்தில் கொஞ்சம் புள்ளிகள், கட்டம் போட்ட ஒரு திரை, இரண்டே நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? சின்ன வயதில் ஆடியவர்களின் பாசம் என்பதைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. நீங்கள் கடந்துபோன அந்தக் கட்டம் போட்ட திரையில்தான் முக்கால்வாசி கேம் நடக்கிறது. அதைச் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், சீக்கிரம் தோற்றதற்கு உங்கள் கை வேகம் காரணமாக இருக்காது. ஷீல்டை, அதாவது கப்பலின் பாதுகாப்புக் கவசத்தை, போடாமல் எதிரி இருக்கும் இடத்துக்குப் போயிருப்பீர்கள். ஷீல்டு இல்லாத கப்பலுக்கு ஒரு அடி போதும். இன்றைய கேம்கள் முதல் பத்து நிமிடம் நம் கையைப் பிடித்து நடத்திச் செல்லும். அந்தக் காலத்தில் பாடம் முழுவதும் பெட்டிக்குள் வைத்திருந்த கையேட்டில்தான் இருந்தது. கையேட்டைப் படிக்காமல் கார்ட்ரிட்ஜின், அதாவது கணினியில் செருகும் கேம் பெட்டியின், நகலை மட்டும் ஓட்டினால் யாருக்கும் இதேதான் நடக்கும்.

சரி, அந்தத் திரைக்கு வருவோம். கீபோர்டில் ஜி விசையை அழுத்தினால் காலக்ஸி வரைபடம் வரும். குறுக்கே 16, நெடுக்கே 8, ஆக 128 கட்டங்கள். சில கட்டங்களில் நம் பக்கத்து விண்நிலையங்கள் இருக்கும். ஸைலான் என்கிற எதிரிகள் சில கட்டங்களில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். கூட்டம் பெரியதா சிறியதா என்பது குறியைப் பார்த்தாலே தெரியும். எல்லா ஸைலான் கப்பல்களையும் அழித்தால் வெற்றி. இதுவரை சாதாரணம்தான்.

ஆனால் நீங்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு மூலையில் சண்டை போடும்போது இன்னொரு மூலையில் ஸைலான் கூட்டங்கள் கட்டம் கட்டமாக நகர்ந்து நிலையங்களை நோக்கிப் போகும். ஒரு நிலையத்தின் மேல், கீழ், இடம், வலம் என்று நாலு பக்கமும் அவர்கள் வந்து நின்றுவிட்டால், நிலையம் சூழப்பட்டது என்று திரையில் எச்சரிக்கை ஓடும். கொஞ்ச நேரத்துக்குள் ஏதாவது ஒரு பக்கத்தை உடைக்காவிட்டால் நிலையம் போய்விடும். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து புலியை நகர முடியாமல் அடைப்பது போலத்தான். எந்த ஆட்டை முதலில் எடுத்தால் அடைப்பு விழாது என்று புலி பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோசிப்பாரே, அந்த யோசனைதான் இங்கே தேவை. பக்கத்தில் இருக்கிற கூட்டத்தை அடிப்பதா, தூரத்தில் மூன்று பக்கம் அடைபட்டு நிற்கும் நிலையத்துக்கு ஓடுவதா? ஓடினால் எவ்வளவு எரிசக்தி போகும்? கப்பலில் தொடக்கத்தில் 9999 அலகு இருக்கும். பறந்தாலும் சுட்டாலும் குறையும், ஷீல்டைப் போட்டு வைத்தாலும் குறையும். நெடுந்தூரத் தாவலுக்கு ஒரேயடியாகப் பெரிய தொகை போகும். தீர்ந்தால் நிலையத்தில்தான் நிரப்ப முடியும். அந்த நிலையத்தைத்தான் எதிரி குறிவைக்கிறான். இந்த ஒரு முடிச்சு இருப்பதால்தான் கேம் கடைசி வரை இறுக்கமாக இருக்கிறது.

ஒரு சண்டை எப்படிப் போகும் என்று கிட்டத்திலிருந்து காட்டுகிறேன். நோவிஸ், பைலட், வாரியர், கமாண்டர் என்று நாலு நிலைகள் உண்டு. நான் பெரும்பாலும் வாரியரில் ஆடுவேன். அண்மையில் ஆடிய ஒரு ஆட்டத்தில் வலது ஓரத்து நிலையம் மூன்று பக்கம் அடைபட்டிருந்தது. வரைபடத்தில் பக்கத்துக் கட்டத்தைக் குறிவைத்து எச் விசையை அழுத்தினேன். கப்பல் வேகம் பிடிக்கும்போது இரைச்சல் ஏறிக்கொண்டே போகும், நட்சத்திரங்கள் கோடுகளாகப் பாய்ந்து வரும். மேல்நிலைகளில் அந்த நேரம் ஒரு குறி திரையில் அலையும். ஜாய்ஸ்டிக்கால் அதை நடுவில் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிடி நழுவினால் நினைத்த கட்டத்தை விட்டு வேறு கட்டத்தில் போய் இறங்குவோம். அன்று சரியாகவே இறங்கினேன். இறங்கியதும் சைரன், சிவப்பு எச்சரிக்கை. திரையின் அடியில் தீட்டா, ஃபை, ஆர் என்று மூன்று எண்கள், அதாவது எதிரி எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் என்று. ஆர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு புள்ளி, பிறகு சிறு கோடு, பிறகு இறக்கை தெரிகிற ஒரு போர்விமானம். அது தலைக்கு மேலே கடந்துபோன அடுத்த நொடி, கண்காணிப்புக் கணினி பார்வையைத் தானாகவே பின்பக்கத்துக்கு மாற்றியது. ஜாய்ஸ்டிக்கைத் திருப்பி நேராக்குவதற்குள் ஒரு குண்டு ஷீல்டில் விழுந்து திரை சிவந்தது.

அந்தக் கூட்டத்தை முடித்தேன். ஆனால் அந்த அடியில் ரேடியோ செத்துவிட்டது. அதன் அருமை பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. ரேடியோ இல்லையென்றால் வரைபடம் புதுப்பிக்கப்படாது. கடைசியாகத் தெரிந்த நிலையை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். எரிசக்தி வற்றிக்கொண்டிருந்ததால், வரைபடத்தில் தெரிந்த இன்னொரு நிலையத்துக்கு மிச்சம் இருந்ததையெல்லாம் செலவு செய்து தாவினேன். அங்கே நிலையம் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது பழைய படம்.

இந்தக் கேமில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இதுதான். அடிபட்டால் உயிர்க் கணக்கில் ஒன்று குறைவது என்பது இங்கே இல்லை, கப்பலின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் கெடும். வரைபடத்தின் கீழே ஆறு எழுத்துகள் வரிசையாக இருக்கும். டார்ப்பிடோ, எஞ்சின், ஷீல்டு, கணினி, நெடுந்தூர ஸ்கேன், ரேடியோ. பழுது, முழுச் சேதம் என்பதை நிறம் மாற்றிச் சொல்லும். டார்ப்பிடோ பழுதானால் இரண்டு குழாய்களில் ஒன்று மட்டும் சுடும். நெடுந்தூர ஸ்கேன் பழுதானால் உண்மையான எதிரியோடு அதன் பிம்பம் ஒன்றும் திரையில் தெரியும். எது நிஜம் என்று கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணும் காதும் ஒவ்வொன்றாகப் போகிற மாதிரி இருக்கும். போர்க்கப்பலின் தலைவர் என்பவர் தனக்குக் கிடைக்கும் தகவலை நம்பித்தான் முடிவெடுக்கிறார், அந்தத் தகவலே கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை 1979-லேயே ஒருவர் யோசித்து, அதை ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறார்.

அந்த ஒருவர் டக் நியூபவர். அவர் அடாரியில் வேலைக்குச் சேர்ந்தது கேம் எழுத அல்ல, சிப் வடிவமைக்க. அடாரி 400, 800 கணினிகளில் ஒலி, கீபோர்டு, பேடில் எனப்படும் திருகு கட்டுப்பாட்டுக் கருவி எல்லாவற்றையும் கவனிக்கிற போக்கி என்ற சிப்பின் வடிவமைப்பில் அவருக்கு முக்கியப் பங்கு. அந்தக் கணினிக்கு என்ன செய்ய வரும் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். ஸ்டார் ரெய்டர்ஸ் இவ்வளவு நன்றாக வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் அவர் செய்ததன் அளவு புரியும். ஒரு பக்கம், கடைகளில் நாணயம் போட்டு ஆடுகிற இயந்திரங்கள். 1978-ல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் உலகையே ஆட்டிக்கொண்டிருந்தது. கடை இயந்திரத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. ஆடுகிறவர் சில நிமிடங்களில் தோற்று அடுத்த நாணயத்தைப் போட வேண்டும். நின்று யோசிக்க அங்கே இடமில்லை. இன்னொரு பக்கம், பெரிய கணினிகளில் ஓடிய ஸ்டார் ட்ரெக் என்ற எழுத்து வடிவ கேம். 1971-ல் மைக் மேஃபீல்டு என்ற பள்ளி மாணவர் எழுதியது. அதில் 8-க்கு 8 கட்ட வரைபடம், எரிசக்திக் கணக்கு, நிலையங்கள் எல்லாம் உண்டு. ஆனால் நாம் ஒரு கட்டளையைத் தட்டினால் அது பதிலை அச்சடித்துக் காட்டும், அப்புறம் நம் முறைக்காகக் காத்திருக்கும். யோசிக்க வேண்டிய நேரம் தாராளம், பறக்கிற உணர்வு துளியும் கிடையாது.

நியூபவர் இரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றினார். ஸ்டார் ட்ரெக்கின் வரைபடத்தை எடுத்து, அது காத்திருக்காதபடி கடிகாரத்தை ஓடவிட்டார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கப்பலின் ஜன்னல் வழியாக நாமே பார்த்துச் சுடுகிற சண்டையை வைத்தார். வீட்டுக் கணினியில் யாரும் நாணயம் போடப்போவதில்லை. அதனால் ஒரு ஆட்டம் அரைமணி நேரம்கூடப் போகலாம். வீட்டில் உட்கார்ந்து ஆடுவது என்பது தனி வகை, அதற்குத் தனி விளையாட்டு வேண்டும் என்பதை முதலில் உணர்ந்த சில கேம்களில் இது ஒன்று.

இப்போது கணினியைப் பற்றி. 6502 செயலி, ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம். அந்தச் செயலிக்குக் கூட்டவும் கழிக்கவும் தெரியும். பெருக்கவும் வகுக்கவும் கட்டளையே கிடையாது. ஆனால் முப்பரிமாணக் காட்சிக்கு வகுத்தல் இல்லாமல் முடியாது. ஒரு நட்சத்திரம் திரையில் எங்கே தெரியும் என்று கண்டுபிடிக்க அதன் பக்கவாட்டுத் தூரத்தை முன்தூரத்தால் வகுக்க வேண்டும். அதனால் பள்ளியில் நீள்வகுத்தல் போடுவது போல, நகர்த்தி, கழித்து, மறுபடி நகர்த்தி, மறுபடி கழித்து விடை காண்கிறது நிரல். இதை ஒவ்வொரு புள்ளிக்கும், தொடர்ந்து, ஜாய்ஸ்டிக் தடங்கலில்லாமல் நகரும் அளவுக்கு வேகமாகச் செய்கிறது.

அந்தக் கேமின் நிரலை முழுவதுமாகப் பிரித்து, வரிக்கு வரி விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு, விண்வெளியில் மொத்தம் 49 பொருட்கள்தான் என்பது. எதிரிக் கப்பல், டார்ப்பிடோ போன்றவற்றுக்கு 5, நட்சத்திரங்களுக்கு 12, வெடித்துச் சிதறும் துண்டுகளுக்கு 32. திரையில் எல்லையில்லாத வானமாகத் தெரிவது பன்னிரண்டே நட்சத்திரங்கள்! ஒன்று பார்வையை விட்டு வெளியேறியதும் அதையே இன்னொரு இடத்தில் புதிதாகப் பிறக்க வைக்கிறது. பதினைந்து பேரை வைத்துக்கொண்டு மேடையின் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரவைத்துப் பெரிய படையைக் காட்டுவார்களே தெருக்கூத்தில், அதே உத்தி. வெடிக்கும்போது 32 துண்டுகளும் முப்பரிமாணத்தில் சிதறும். நீங்கள் பறந்துகொண்டிருந்தால் அந்தத் துண்டுகளுக்கு நடுவே புகுந்து போவீர்கள். அதை முதல் தடவை பார்க்கும்போது கை தானாகவே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பும்.

எல்லா வேலையும் செயலியின் தலையில் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடாரியில் திரையைக் கவனிக்க ஆன்டிக் என்று ஒரு தனிச் சிப் இருந்தது. திரையின் எந்த வரியில் எழுத்து, எந்த வரியில் படம் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே விண்வெளி, கீழே எண்கள் காட்டும் பலகை என்று திரை பிரிவது அப்படித்தான். எதிரிக் கப்பல்களுக்குப் பின்னணியைத் தொடாமல் நகர்கிற தனிப் படங்கள் இருந்தன. தூரத்தில் இருக்கும்போது ஒரு வடிவம், கிட்டே வர வரப் பெரிய வடிவம் என்று முன்கூட்டியே வரைந்து வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அதே காலத்து ஆப்பிள் 2 கணினியில் படம் வரைவது, சத்தம் எழுப்புவது எல்லாம் செயலியே செய்தாக வேண்டும். அடாரி வைத்திருந்தவர்கள் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு முதலில் போட்டுக் காட்டியது இந்தக் கேமைத்தான். இதை ஆடுவதற்காகவே கணினி வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒரு கேம் ஒரு கணினியை விற்றுக் கொடுக்கும் என்பதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

இத்தனையும் அடங்கிய இடம் 8 கிலோபைட். கார்ட்ரிட்ஜில் 8192 பைட், அவ்வளவுதான். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் பிடிக்கும். ஆக 8192 பைட்டில் கொள்வது சுமார் 2,700 குறியீடுகள், இந்தப் பதிலில் ஒரு சிறு பங்கு. அந்த இடத்துக்குள் 128 கட்டக் காலக்ஸி, எதிரிகளின் நடத்தை, சேதக் கணக்கு, சைரன், எஞ்சின் ஒலி, கடைசியில் மதிப்பெண் கணக்கு எல்லாம் இருக்கின்றன. எஞ்சின் ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். 0 முதல் 9 வரை வேகத்தை மாற்ற மாற்ற அதன் சுருதியும் மாறும். போக்கியை வடிவமைத்தவரே எழுதிய ஒலி அது.

மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆட்டம் முடிந்ததும் எண் எதுவும் வராது, பதவி வரும். எத்தனை கப்பல் அழித்தீர்கள், எவ்வளவு நேரமும் எரிசக்தியும் செலவானது, எத்தனை நிலையங்களைப் பறிகொடுத்தீர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து அது கணக்கிடப்படும். உச்சியில் ஸ்டார் கமாண்டர், முதல் வகுப்பு. அடியில் குப்பைக் கப்பலின் கேப்டன், காலக்ஸியின் சமையற்காரர் என்று இரண்டு பதவிகள் காத்திருக்கும். செத்துப்போனால் மறைவுக்குப் பிந்தைய பதவி என்று போட்டுக் கொடுப்பார்கள். இந்தப் பட்டங்களுக்காகவே மறுபடி மறுபடி ஆடத் தோன்றும்.

இவ்வளவு செய்தவரின் பெயர் அந்தக் காலத்தில் ஆடியவர்களில் பலருக்குத் தெரியாது. கேம் எழுதுகிறவர்களின் பெயரைப் போடுகிற வழக்கம் அப்போது அடாரியில் இல்லை. இந்தக் குறையும் ஊதியப் பிரச்சினையும் சேர்ந்துதான் 1979-ல் நாலு புரோகிராமர்கள் வெளியேறி ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நியூபவரும் ஸ்டார் ரெய்டர்ஸுக்குப் பிறகு அடாரியை விட்டுப் போனார். ஆனால் 1986-ல் வெளியான சோலாரிஸ் என்ற கேம் அவர் எழுதியதுதான். அதிலும் ஸைலான்கள் வருவார்கள். டிவியில் இணைத்து ஆடுகிற பழைய அடாரி 2600 பெட்டியில் அப்படி ஒரு படத்தை ஓட்ட முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இது பிடித்தால் அதையும் அவசியம் பாருங்கள்.

2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹென்றி லோவுட் தலைமையில் ஒரு குழு, காத்து வைக்க வேண்டிய பத்து கேம்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. ஸ்பேஸ்வார், டெட்ரிஸ், சிம்சிட்டி, டூம் ஆகியவற்றோடு ஸ்டார் ரெய்டர்ஸும் அதில் இருக்கிறது. 2015-ல் அதன் மூல நிரலின் அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவில் எல்லாரும் படிக்கும்படி வைத்தார்கள். அசெம்பிளி மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் அதில் ஒரு மாதம் மூழ்கலாம். 1982-ல் அடாரி 2600-க்கும் 5200-க்கும், 1986-ல் அடாரி எஸ்டி கணினிக்கும் வேறு வடிவங்கள் வந்தன. முதலில் ஆட வேண்டியது 400, 800 கணினிகளுக்கு வந்த மூல வடிவம்தான்.

மறுபடி முயற்சி செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அல்டிரா எமுலேட்டர் நன்றாக ஓடும். செலக்ட் விசையால் நோவிஸ் நிலையைத் தேர்ந்து ஸ்டார்ட் அழுத்துங்கள். வேகத்தைத் தொடாமல் ஜி அழுத்தி வரைபடத்தைப் பாருங்கள். நிலையங்கள் எங்கே, எந்தக் கூட்டம் அவற்றுக்கு மிக அருகில் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ் அழுத்தி ஷீல்டு, சி அழுத்தித் தாக்குதல் கணினி, டி (T) அழுத்திக் கண்காணிப்பு. அப்புறம் ஜாய்ஸ்டிக்கால் கட்டத்தைத் தேர்ந்து எச். சண்டையில் எதிரி கண்ணில் படாவிட்டால் எல் அழுத்துங்கள், மேலிருந்து பார்க்கிற ஸ்கேன் வரும். நடுவில் இருப்பது நீங்கள். பேஸ்ஸ்டார் என்கிற பெரிய கப்பல் தூரத்திலிருந்து எத்தனை சுட்டாலும் சாகாது, துணிந்து கிட்டே போக வேண்டும். எரிசக்தி பாதிக்குக் கீழே வந்ததும் நிலையத்துக்குத் திரும்புங்கள், கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

நிலையத்தில் நிறுத்துவதுதான் புதியவர்களுக்குச் சிரமம். நிலையத்தைத் திரையில் குறிபார்க்கும் குறுக்குக்கோடுகளின் நடுவுக்குக் கொண்டுவந்து, நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, சரியான தூரத்தில் 0 அழுத்தி நிறுத்துங்கள். சுற்றுப்பாதையில் நிலைத்தாயிற்று என்று செய்தி வந்தபின் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். நிலையத்திலிருந்து ஒரு சிறு கலம் புறப்பட்டு மெல்ல உங்களை நோக்கி வரும், திரும்பிப் போகும். அதற்குள் கப்பல் அசைந்தால் எல்லாம் ரத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிறு கலம் திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் எண் மறுபடி 9999-க்கு ஏறும், கெட்டுப்போன உறுப்புகளும் சரியாகிவிடும். அந்த நேரத்தில் ஸைலான்கள் எங்கேயோ ஒரு கட்டம் நகர்ந்திருப்பார்கள். புறப்படுவதற்கு முன்னால் இன்னொரு தடவை ஜி.